அம்பு என்று தெரிவதற்கு முன்

ஒரு நீராவிப் படகு ஆற்றை எதிர்த்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஆழம் பார்ப்பதற்காகக் கழி ஊன்றிக்கொண்டிருந்தவன், கழியை மேலே இழுக்கக்கூட மெனக்கெடாமல், தளத்தில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிடுகிறான். உலைக்கு முன்னால் இருந்தவனும் சட்டென்று உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்கிறான். கதைசொல்லிக்கு இது விசித்திரமாகப் படுகிறது. ஆனால் யோசிக்க நேரமில்லை. ஆற்றில் ஒரு மரக்கட்டை துருத்திக்கொண்டிருக்கிறது, அதில் இடிக்காமல் போக வேண்டும். அப்போது குச்சிகள், சின்னச் சின்னக் குச்சிகள், காற்றில் பறக்கின்றன. மூக்குக்கு முன்னால் விர்ரென்று போகின்றன, காலடியில் விழுகின்றன, முதுகுக்குப் பின்னால் பலகைச் சுவரில் மோதுகின்றன. ஆறும் கரையும் காடும் அசைவில்லாமல் கிடக்கின்றன. கட்டையை ஒருவழியாகக் கடந்த பிறகுதான் உறைக்கிறது: அவை அம்புகள். படகின் மேல் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது.

1899இல் வெளிவந்த ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' குறுநாவலில் வரும் இடம் இது. வேறொருவர் எழுதியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே அம்பு வந்திருக்கும். ஆட்கள் பதுங்கியது அதன் விளைவாகப் பின்னால் வந்திருக்கும். காரணம் முன்னே, விளைவு பின்னே என்பது கதை சொல்வதில் பழகிப்போன ஒழுங்கு. கான்ராட் அதைத் தலைகீழாக்குகிறார். கண்ணில் பட்டது முதலில் வருகிறது; அது இன்னது என்ற அறிவு பல வாக்கியங்கள் தள்ளி வருகிறது. நடுவில் வாசகரும் கதைசொல்லியோடு சேர்ந்து முழிக்கிறார். இயன் வாட் என்ற விமர்சகர் 1979இல் கான்ராட் பற்றி எழுதிய நூலில் இந்த உத்திக்கு, பொருள் தாமதமாக அவிழ்கிறது என்ற கருத்து வரும்படி ஒரு பெயர் வைத்தார். இன்று மர்மக்கதை எழுதுகிறவர்கள்கூட யோசிக்காமல் கையாளும் உத்தி இது. இதன் கால்வழியைத் தேடிப் போனால் ஓவியர்களின் வாசலில் போய் நிற்போம்.

1874இல் பாரிஸில், நாடார் என்ற புகைப்படக்காரர் முன்பு வைத்திருந்த ஸ்டூடியோவில், அரசுக் கண்காட்சியோடு ஒத்துப்போக முடியாத ஓவியர்கள் தாங்களாகவே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் கிளோத் மோனே வைத்திருந்த துறைமுகக் காட்சியின் பெயர் 'மனப்பதிவு, சூரியோதயம்'. லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர் அந்தப் பெயரை வைத்தே கிண்டலடித்தார். கிண்டல் மறந்துபோய், பெயர் ஒட்டிக்கொண்டது: இம்ப்ரெஷனிசம். துறைமுகம் என்றால் கப்பல், பாய்மரம், கயிறு என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் துல்லியமாக வரைவது தேர்ந்த ஓவியரின் அன்றைய கடமை. மோனே அந்த அறிவை ஓரமாக வைத்துவிட்டு, மூடுபனிக்கு நடுவே அந்த விடியலில் கண்ணில் விழுந்த நிறங்களை மட்டும் வைத்தார். பின்னர் 1892 முதல் 1894 வரை ரூவான் நகரத் தேவாலயத்தின் ஒரே முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். கல் அதேதான். ஒவ்வொரு கேன்வாஸிலும் மாறியது வெளிச்சம்.

கண்ணுக்கும் அறிவுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியைத்தான் எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கான்ராடோடு சேர்ந்து எழுதிய ஃபோர்ட் மேடாக்ஸ் ஃபோர்ட் 1914இல் இம்ப்ரெஷனிசம் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதரை நாம் அறிந்துகொள்ளும் விதம் பற்றி அவர் பின்னால் சொன்னது எனக்குப் பிடித்த விளக்கம்: யாரையும் நாம் பிறப்பிலிருந்து வரிசையாகத் தெரிந்துகொள்வதில்லை. முதலில் ஆள் எதிரே வந்து ஒரு பதிவை உண்டாக்குகிறார். பிறகு முன்னும் பின்னுமாகப் போய் அவர் கதையைச் சேர்த்துக்கொள்கிறோம். நாவலும் அப்படித்தான் போக வேண்டும் என்றார். மார்செல் ப்ரூஸ்த் தன் பெருநாவலில் எல்ஸ்திர் என்று ஒரு கற்பனை ஓவியரை உருவாக்கி, கடல் நிலம்போலவும் நிலம் கடல்போலவும் மயங்கும் ஒரு துறைமுகப் படத்தை அவருக்கு வரைந்து கொடுத்தார். பொருள்களை அவை இன்னவை என்ற அறிவின்படி வரையாமல், முதல் பார்வையில் ஏமாறும் கண்ணின்படி வரைகிறவர் எல்ஸ்திர். ப்ரூஸ்தின் வாக்கியங்களும் அதே வேலையைச் செய்கின்றன.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஓவியத்தின் செல்வாக்கு என்றதும் பலரும், ஓவியர் கதாபாத்திரமாக வரும் நாவல்களையோ படத்தை வருணிக்கும் பத்திகளையோ எடுத்து நீட்டுகிறார்கள். அது வேறு. புறநானூற்றில் வீட்டின் அழகைச் சொல்ல 'ஓவத்தன்ன' என்று வருகிறது. ஓவியம் போன்ற வீடு. அங்கே ஓவியம் உவமை. உவமை கதை நகரும் விதத்தைத் தொடுவதில்லை. உத்தி என்பது ஓவியர் தன் வேலையில் முட்டிக்கொண்ட ஒரு சிக்கலை எழுத்தாளர் தன் வேலைக்குள் இழுத்துக்கொண்டு வருவது. அதற்குப் படமே வேண்டாம். அம்புக் காட்சியில் எந்த ஓவியரும் இல்லை.

எழுத்துக்கு வந்தவுடன் அந்தச் சிக்கல் வேறு உருவமும் எடுக்கும். ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங் 1766லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஓவியம் இடத்தில் விரிகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் அருகருகே இருக்கின்றன, கவிதை காலத்தில் விரிகிறது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். ஆகவே இரண்டும் அவரவர் எல்லைக்குள் இருப்பது நல்லது என்றார். 20ஆம் நூற்றாண்டு நாவலின் வரலாற்றைக் கொஞ்சம் மிகைப்படுத்தி, லெஸ்ஸிங் சொன்னதைக் கேட்காதவர்களின் வரலாறு என்று சொல்லிவிடலாம்.

அப்படிக் கேட்காதவர்களில் வர்ஜீனியா வுல்ஃப் முக்கியமானவர். 1910 டிசம்பர் வாக்கில் மனித இயல்பு மாறிவிட்டது என்று 1924இல் அவர் எழுதிய வரி மிகவும் பிரபலம். ஏன் அந்த மாதம்? லண்டன் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் 1910 நவம்பர் முதல் 1911 ஜனவரி வரை அவருடைய நண்பர் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சியைத்தான் பலரும் சுட்டுகிறார்கள். செசான், வான்கோ, கோகன் ஆகியோரின் படங்களைப் பார்த்து லண்டன்வாசிகள் சிரித்தும் கோபித்தும் கலைந்த கண்காட்சி அது. வுல்ஃபின் அக்கா வனெஸா பெல்லும் ஓவியர். வீட்டுப் பேச்சே நிறமும் வடிவமுமாக இருந்திருக்கும்.

1927இல் வந்த 'கலங்கரை விளக்கத்தை நோக்கி' நாவலுக்கு வுல்ஃப் முதலில் போட்டது கதைச் சுருக்கம் இல்லை, ஒரு படம்: இரண்டு கட்டங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு நடைக்கூடம். ஆங்கில எழுத்து 'ஹெச்' போல இருக்கும். முதல் கட்டம் ஒரு நாளின் பின்பகலும் இரவும். கடைசிக் கட்டம் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு காலைப்பொழுது. நடைக்கூடத்தில் அந்தப் பத்து ஆண்டுகள். அங்கே ஆளில்லாத வீட்டில் காற்றும் தூசியும்தான் கதாபாத்திரங்கள். நாவலின் மையமான திருமதி ராம்ஸே இறந்துபோன செய்தி சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியமாக முடிந்துவிடுகிறது. சாவு அங்கே ஓரத்து விவரம். மையம் எது, ஓரம் எது என்ற தீர்மானத்தை ஓவியர்கள் மாற்றிக் காட்டிய பிறகுதான் ஒரு நாவலாசிரியருக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே நாவலில் லில்லி பிரிஸ்கோ என்ற ஓவியர், திருமதி ராம்ஸே தன் மகனுக்குக் கதை படித்துக் காட்டும் காட்சியை வரைகிறார். படத்தில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு ஊதா முக்கோணம் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் இது என்ன என்று கேட்கிறார். லில்லி விளக்குகிறார்: இங்கே வெளிச்சம் விழுந்தால் அங்கே ஒரு நிழல் தேவைப்படுகிறது. இது ஓவியர் பேச்சு. ஆனால் சில பக்கங்கள் தள்ளி, திருமதி ராம்ஸே தனியாக உட்கார்ந்திருக்கும்போது, ஓசையெல்லாம் அடங்கித் தான் ஆப்பு வடிவத்தில் இருளின் ஒரு கருவாக ஆகிவிட்டதாக உணர்கிறார். லில்லியின் கேன்வாஸில் இருந்த வடிவம், லில்லிக்கே தெரியாமல் இன்னொருத்தியின் மனத்துக்குள் இருக்கிறது. இந்தப் பொருத்தத்தை நாவல் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாசகர் கண்டால் உண்டு.

கியூபிசத்துக்கு வந்தால் இப்படி நிதானமாகப் பேசுவது கடினம், ஏனென்றால் அந்தச் சொல் இலக்கியப் பேச்சில் படாத பாடு பட்டிருக்கிறது. பிக்காஸோவும் பிராக்கும் 1907க்குப் பிறகு ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து பார்த்து ஒரே தளத்தில் அடுக்கினார்கள். உடனே, பல கதைசொல்லிகள் இருக்கும் நாவலையெல்லாம் கியூபிச நாவல் என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. அது சோம்பேறித்தனம். ஒரே கொலையைப் பலர் மாறி மாறிச் சொல்லும் கவிதையை ராபர்ட் பிரவுனிங் 1868-69இலேயே எழுதிவிட்டார். அப்போது பிக்காஸோ பிறக்கவே இல்லை. பல சாட்சிகள் வருவது நீதிமன்ற முறை. அங்கே உண்மை ஒன்று, யார் பொய் சொல்கிறார்கள் என்பது கேள்வி. கியூபிசப் படத்தில் கிடாரின் பக்கவாட்டுத் தோற்றம் பொய், முன்தோற்றம் உண்மை என்று யாரும் கேட்பதில்லை.

வில்லியம் ஃபாக்னரின் 1930ஆம் ஆண்டு நாவலான 'நான் மரணப் படுக்கையில் கிடக்கையில்' இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டும். 15 பேர் சொல்லும் 59 பகுதிகள். ஆடி என்ற தாயின் உடலைச் சவப்பெட்டியில் வைத்து ஒரு குடும்பம் வண்டியில் கொண்டுபோகிறது. என்ன நடந்தது என்பதில் அவர்களுக்குள் பெரிய வழக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதைச் செய்யும் மூத்த மகன் காஷ் ஒரு தச்சர். பலகை விளிம்பை ஏன் சாய்வாக அறுத்தேன் என்பதற்கு 1 முதல் 13 வரை எண் போட்டுக் காரணம் எழுதுகிறார். அவருடைய அந்தப் பகுதி முழுவதும் அவ்வளவுதான். அண்டை வீட்டுக்காரர் டல்லின் பகுதியில், திருமண உடையின் விரிந்த அடிப்பாகம் கசங்காமல் இருக்க ஆடியைத் தலைகால் மாற்றிப் படுக்கவைத்திருந்தார்கள் என்று வருகிறது. பெட்டி கடிகார வடிவத்தில் இருந்தது என்பதற்கு மேல் சொல் வரவில்லை; அந்த இடத்தில் புத்தகத்திலேயே சவப்பெட்டியின் சிறு கோட்டுப்படம் அச்சாகியிருக்கிறது. சின்னப் பையன் வார்டமனின் ஒரு பகுதி, தன் அம்மா ஒரு மீன் என்ற ஒற்றை வாக்கியம். டார்ல் என்ற மகன், கொட்டகை தீப்பற்றி எரியும்போது அந்த வெளிச்சத்தில் மரக்குதிரைகளின் மேல் இருக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, கியூபிசப் பூச்சி போல இருக்கிறது என்கிறார்.

நாட்டுப்புற இளைஞன் ஒருவனின் வாயில் கியூபிசம் என்ற சொல் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாதுதான். ஃபாக்னர் அங்கே தன் கையைக் காட்டிவிடுகிறார். பட்டியல், படம், ஒற்றை வரி, பூச்சி என நான்கு தளங்கள், ஒரே பெட்டி. இவற்றைக் கூட்டினால் முழுப் பெட்டி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இறந்துபோன ஆடியே ஒரு பகுதியில் பேசுகிறாள். அவள் வந்தும் விஷயம் தெளிவாகிவிடுவதில்லை.

கெர்ட்ரூட் ஸ்டைன் இதற்கெல்லாம் முன்னோடி. செசான் வரைந்த ஒரு பெண்ணின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே 1909இல் வந்த தன் கதைத் தொகுப்பை எழுதியதாகச் சொன்னவர். படத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுமையின் அளவுக்கே முக்கியம் என்பது அவர் செசானிடம் கற்றது. அதனால் உச்சக்கட்டம் என்ற ஒன்றையே கதையிலிருந்து கழற்றிவிட்டார். இன்று அவரைப் படிப்பது சிரமம். அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர்களைப் படிப்பது எளிது.

எழுத்து ஓவியத்தைவிட ஐம்பது ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறது என்றார் பிரையன் ஜைசின். அவர் ஓவியர். 1959இல் பாரிஸ் விடுதி அறையில் ஒரு படத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது, மேசை கெடாமலிருக்கக் கீழே விரித்திருந்த செய்தித்தாள்களும் சேர்ந்து அறுபட்டன. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நண்பர் வில்லியம் பரோஸிடம் காட்டினார். பரோஸ் அதை ஒரு நாவல் முறையாகவே ஆக்கிக்கொண்டார். கணக்குப் பார்த்தால் ஜைசின் சொன்னது ஏறக்குறையச் சரி: பிக்காஸோ எண்ணெய்த்துணியையும் கயிற்றையும் கேன்வாஸில் ஒட்டியது 1912இல்.

ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் நியாயமில்லை. அதற்கு வெகு முன்பே, 1929இல், ஆல்ஃப்ரெட் டோப்ளின் பெர்லின் நகர நாவலுக்குள் விளம்பரங்களையும் செய்தித் துண்டுகளையும் கொட்டியிருந்தார். 1930 முதல் 1936 வரை வந்த முந்நாவலில் ஜான் டாஸ் பாசோஸ் தலைப்புச் செய்திகளையும் பாட்டு வரிகளையும் தனிப் பகுதிகளாக ஒட்டினார். அவரும் தூரிகை பிடித்தவர்தான். இப்படித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜ்தான் 20ஆம் நூற்றாண்டுக் கலை அனைத்துக்கும் நடுநாயகமான கொள்கை என்று அறிவித்த டொனால்ட் பார்தெல்மே, எழுத்தாளராக அறியப்படுவதற்கு முன் ஹூஸ்டனில் ஒரு கலை அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர்.

கொலாஜில் முக்கியமானது துண்டுகள் என்று தோன்றும். என் பார்வையில் முக்கியமானது ஒட்டுவாய். ஒட்டிய துணியின் விளிம்பு தெரிந்தால்தான் இது வேறு உலகத்திலிருந்து வந்தது என்ற அதிர்ச்சி இருக்கும். அச்சில் எல்லா எழுத்தும் ஒரே மசியில் வருவதால் அந்த விளிம்பு தானாக மறைந்துவிடுகிறது. எழுத்தாளர் அதை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டியிருக்கிறது. டபிள்யூ. ஜி. செபால்ட் இதற்கு ஒரு வழி கண்டார். 1995இல் வந்த 'சனியின் வளையங்கள்', 2001இல் வந்த 'ஆஸ்டர்லிட்ஸ்' ஆகியவற்றில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வருகின்றன. ஒன்றுக்கும் கீழே விளக்கம் இல்லை. வாக்கியம் நடுவில் அறுந்து, படம் வந்து, மறுபடி தொடர்கிறது. இது கதையில் சொல்லப்பட்ட ஆள்தானா, எங்கோ கிடைத்த பழைய படமா என்று வாசகரின் கண் ஒரு கணம் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே ஒட்டுவாய்.

தமிழில் இலக்கியம் பேசுகிற எவரும் குறைந்தது ஒருமுறையாவது உச்சரித்திருக்கும் சொல் மாய யதார்த்தம். அது ஓவிய விமர்சனத்தில் புழங்கத் தொடங்கிய சொல் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1925இல் ஃப்ரான்ஸ் ரோ என்ற ஜெர்மானிய விமர்சகர், எக்ஸ்பிரஷனிசத்துக்குப் பின் வந்த ஓவியர்களைப் பற்றிய தன் நூலின் தலைப்பில் அதைப் பயன்படுத்தினார். அலறும் நிறங்களும் கோணலான உருவங்களும் அலுத்துப்போய், அந்த ஓவியர்கள் மறுபடி நாற்காலி, ஜன்னல், தெரு, செடித்தொட்டி என்று வரையத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அவற்றைக் கூர்மையாக, குளிர்ச்சியாக, தூசி துரும்பில்லாத தெளிவோடு வரைந்தார்கள். பார்க்கப் பார்க்க அந்தச் சாதாரணப் பொருள் விநோதமாகிவிடும். ரோவின் நூலிலிருந்து ஒரு பகுதி 1927இல் ஸ்பானிய மொழியில் 'ரெவிஸ்டா தே ஒக்ஸிதெந்தே' இதழில் வெளிவந்தது. சொல் கடல் தாண்டியது. 1948இல் வெனிசுவேலாவின் உஸ்லார் பியெத்ரி அதை இலக்கியத்துக்குப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டே கியூபாவின் அலெஹோ கார்பெந்தியர் தன் நாவல் ஒன்றின் முன்னுரையில் 'அற்புத யதார்த்தம்' என்ற தன் கருத்தை வைத்தார்.

பயணத்தில் சொல்லின் பொருள் மாறிவிட்டது, உண்மைதான். ஜெர்மானிய ஓவியங்களில் யாரும் வானத்துக்குப் பறப்பதில்லை. ஆனால் ஒன்று மாறாமல் வந்து சேர்ந்தது: தெளிவு. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 1967ஆம் ஆண்டு நாவலில் அழகி ரெமேதியோஸ் விண்ணுக்கு ஏறிப் போகிறாள். காற்றில் படபடக்கும் படுக்கை விரிப்புகளோடு போகிறாள். அவளை மேலே அனுப்ப வழி தெரியாமல் தவித்ததாகவும், காற்று வீசும் நாளில் ஒரு பெண் துணி உலர்த்தப் போராடுவதைப் பார்த்த பிறகே அந்தக் காட்சி கைகூடியதாகவும் மார்க்கேஸ் பின்னர் சொன்னார். நம்பவைப்பது விரிப்பு. ரோ பாராட்டிய ஓவியர்களின் செடித்தொட்டியும் இந்த விரிப்பும் ஒரே குடும்பம். மாய யதார்த்தம் எழுதுகிறேன் என்று கிளம்புகிற பலர், பனிமூட்டமும் கனவும் மங்கலுமாக எழுதுகிறார்கள். சொல்லின் ஊற்றுக்கு நேர் எதிர்த் திசை அது.

மிகக் குறைந்ததை மட்டும் வைக்கும் மினிமலிசத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 1960களில் டொனால்ட் ஜட் போன்றோர் உலோகப் பெட்டிகளை வரிசையாக வைத்ததற்கும், 1980களில் ரேமண்ட் கார்வரின் சிக்கனமான சிறுகதைகளுக்கும் விமர்சகர்கள் ஒரே பெயரைப் போட்டார்கள். கார்வருக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. 1981இல் வந்த அவருடைய தொகுப்பின் இறுக்கத்தில் பெரும்பங்கு பதிப்பாசிரியர் கார்டன் லிஷின் சிவப்புப் பேனாவுக்குச் சேரும். வெட்டப்படாத வடிவம் 2009இல் வெளிவந்தபோது அது எல்லோருக்கும் தெரிந்துபோனது. பெயர் ஒன்றானதால் உறவு வந்துவிடாது.

நேரடி உறவு வேண்டுமென்றால் கிளோத் சிமோன் இருக்கிறார். இளமையில் ஆந்த்ரே லோத் என்ற கியூபிச ஓவியரிடம் பயின்றவர். 1985இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, பரிசுக் குறிப்பிலேயே கவிஞரின் படைப்பாற்றலோடு ஓவியரின் படைப்பாற்றலையும் சேர்த்துச் சொன்னார்கள். 1940இல் சிதறி ஓடிய பிரெஞ்சுக் குதிரைப்படையைப் பற்றிய 'ஃபிளாண்டர்ஸ் சாலை' (1960) நாவலை எழுதும்போது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருளுக்கும் ஒரு நிறம் கொடுத்து, பகுதிகளை நிறப் பட்டைகளாக அடுக்கிப் பார்த்தார். இங்கே நீண்ட நேரமாகப் பச்சை வரவில்லையே, கொஞ்சம் வேண்டும் என்கிற மாதிரி யோசித்து அந்தப் பகுதியை நகர்த்துவார். அந்த நாவலில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருவதற்குக் கதைக் காரணம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே அந்த நிறம் தேவைப்பட்டது.

ஓரான் பாமுக் 22 வயது வரை ஓவியராக வேண்டும் என்றிருந்தவர். 1998இல் வந்த அவருடைய 'என் பெயர் சிவப்பு' (ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது) 1591இல், இஸ்தான்புல் அரசவை நுண்ணோவியர்களிடையே நடக்கும் ஒரு கொலையைப் பற்றியது. முதல் அத்தியாயத்தில் பேசுவது கிணற்றில் கிடக்கும் பிணம். பிறகு நாய், மரம், நாணயம், சிவப்பு நிறம் எல்லாம் பேசுகின்றன. இதிலும் 59 அத்தியாயங்கள். ஃபாக்னரின் எண்ணிக்கையோடு ஒத்துப்போவது தற்செயல், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நாயும் மரமும் பேசுவதை மாயம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. நாவலுக்குள் அதற்குக் காரணம் இருக்கிறது: காப்பிக்கடையில் ஒரு கதைசொல்லி தினமும் ஒரு படத்தை மாட்டிவைத்து, அதில் இருப்பதன் குரலில் பேசுகிறார். ஆனால் இன்னும் ஆழமான இடம் கொலைகாரனின் குரல். அந்த ஓவியர்களின் நம்பிக்கைப்படி தனிப் பாணி என்பது பெருமையில்லை, பிழை. முன்னோர் வரைந்த குதிரையை அப்படியே வரைய வேண்டும். கை தன்னை அறியாமல் எங்காவது பிசகினால் அதுதான் 'பாணி'. மேற்கத்திய ஓவியர்களோ ஒருவர் நின்று பார்க்கும் இடத்தை வைத்து, பின்னால் இருக்கிறது என்று மசூதியை ஈயளவுக்குச் சுருக்கி வரைகிறார்கள், மூலையில் கையெழுத்தும் போடுகிறார்கள். கொலைக்குப் பின்னால் இருப்பது இந்த மோதல்.

இதைப் பாமுக் கதையாடலாக மாற்றியிருக்கும் விதம் அபாரமானது. சந்தேகத்துக்குரிய மூன்று ஓவியர்களும் தத்தம் பட்டப்பெயர்களில் பேசுகிறார்கள். கொலைகாரன் 'கொலைகாரன்' என்ற பெயரில் தனியாகவும் பேசுகிறான். ஆக அந்த மூவரில் ஒருவன் இரண்டு குரலில் பேசுகிறான். தன் பேச்சுப் பாணியால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையோடு பேசுகிறான். கதைக்குள் இருப்பவர்கள் குதிரையின் மூக்குத் துளை வரையப்பட்ட விதத்தை வைத்து அவனைத் தேடுகிறார்கள். வெளியே நாம் வாக்கியங்களை முகர்ந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறோம். பாணி என்பது கையெழுத்தா, கறையா என்ற ஓவியக் கேள்வி துப்பறியும் கதையின் எலும்பாகிவிட்டது.

கடந்த இருபது ஆண்டுகளில் கடன் வாங்கும் இடம் கேன்வாஸைவிட்டு நகர்ந்திருக்கிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தை 24 மணி நேரம் ஓடும்படி மெதுவாக்கி டக்ளஸ் கார்டன் 1993இல் ஒரு வீடியோ படைப்பைச் செய்தார். டான் டெலிலோவின் 2010ஆம் ஆண்டு நாவல் அந்தப் படைப்பின் முன் மணிக்கணக்காக நிற்கும் பெயரில்லாத ஒருவரிடம் தொடங்கி அவரிடமே முடிகிறது. திரைச்சீலை வளையங்கள் சுழல்வதை அவர் பார்க்கும்போது வாக்கியங்களும் அந்த வேகத்துக்கு இறங்குகின்றன. கொலைக் காட்சியில் பதற்றம் காணாமல் போய், வளையங்கள் மிஞ்சுகின்றன. நாவலின் நடுப்பகுதியில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அதையும் நாம் இதே மந்தமான கண்ணோடு பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறோம்.

வலேரியா லூயிசெல்லியின் 'என் பற்களின் கதை' இன்னொரு பக்கம் போகிறது. மெக்சிகோவில் ஒரு பழச்சாறு நிறுவனத்தின் பணத்தில் இயங்கும் கலைக்கூடம், தன் கண்காட்சிக்காக அவரை எழுதச் சொன்னது. அவர் ஆலைத் தொழிலாளிகளுக்காக எழுதினார். ஒவ்வொரு தவணையாக நியூயார்க்கிலிருந்து அனுப்புவார்; தொழிலாளிகள் கூடி உரக்கப் படித்து, கருத்துச் சொல்லி, கேலி செய்து, தங்கள் கதைகளையும் சேர்ப்பார்கள்; அந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு அடுத்த தவணையை எழுதுவார். மார்செல் துஷாம்ப் 1917இல் கழிப்பறைக் கலம் ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியதிலிருந்து, ஒரு பொருளின் மதிப்பு அதை வைக்கும் இடத்திலிருந்து வருகிறதா என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. லூயிசெல்லியின் நாயகன் ஏலக்காரர். பழைய பற்களை பிளேட்டோவின் பல், வர்ஜீனியா வுல்ஃபின் பல் என்று கதை சொல்லி விற்கிறார். கூடம் இல்லாமலே, கதை மட்டும் பொருளுக்கு விலை ஏற்றுகிறது.

லெஸ்ஸிங் பிரித்துவைத்த இடமும் காலமும் இன்னும் தீராத வழக்கு. அடுக்குமாடி வீட்டின் முகப்பைக் கழற்றிவிட்டு எல்லா அறைகளையும் ஒருசேரக் காட்டும் சால் ஸ்டைன்பர்கின் கோட்டோவியத்திலிருந்து ஜார்ஜ் பெரெக் தன் 1978ஆம் ஆண்டு நாவலை உருவாக்கினார். 99 அத்தியாயங்கள், ஆனால் கதையின் கணம் ஒன்றுதான்: 1975 ஜூன் 23, மாலை எட்டு மணிக்குச் சற்று முன். பத்துக்குப் பத்துச் சதுரங்கப் பலகையில் குதிரை தாவுவதுபோல அறைக்கு அறை கதை தாவுகிறது. அந்தக் கட்டடம் முழுவதையும் ஒரே படமாக வரைய நினைத்த வலென் என்ற முதிய ஓவியர் நாவலின் முடிவில் இறந்துகிடக்கும்போது, கேன்வாஸில் கட்டம் பிரித்த சில கரிக்கோடுகள் தவிர எதுவும் இல்லை.

பெரெக் வாக்கியங்களால் முயன்றதை அலி ஸ்மித் 2014இல் அச்சகத்திடம் கொடுத்துவிட்டார். ஈரச் சுண்ணத்தின் மேல் வரையும் சுவரோவியத்தில், மேல் படத்துக்கு அடியில் முதலில் போட்ட கோட்டோவியம் மறைந்திருக்கும். 1966இல் ஃபுளோரன்ஸ் வெள்ளத்துக்குப் பின், சேதமான சுவரோவியங்களை உரித்து எடுத்தபோது, அடியில் இருந்த கோடுகள் சில இடங்களில் மேலே தெரிந்ததிலிருந்து வேறுபட்டிருந்தன. இரண்டும் எப்போதும் அங்கேயே இருந்தன. கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஸ்மித்தின் நாவலில் இரண்டு பாதிகள். ஒன்றில், தாயை இழந்த இன்றைய பதின்வயதுப் பெண் ஜார்ஜ். மற்றதில், ஃபெராரா நகர அரண்மனைச் சுவரில் வரைந்த 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஃப்ரான்செஸ்கோ டெல் கோஸா. நாவலில் அவர் ஆண் வேடத்தில் வாழும் பெண். இரண்டு பாதிகளுக்கும் 'ஒன்று' என்றே தலைப்பு. அச்சிட்ட பிரதிகளில் பாதி ஜார்ஜில் தொடங்குகின்றன, மீதி ஓவியரில் தொடங்குகின்றன. அட்டையில் எந்த அடையாளமும் இல்லை. கையில் கிடைத்ததுதான் உங்கள் வரிசை.

ஜார்ஜை முதலில் படித்தவருக்கு, பிறகு வரும் ஓவியரின் ஆவி அந்தப் பெண் துக்கத்தில் கற்பனை செய்துகொண்டதாக இருக்கலாம் என்று தோன்றும். ஓவியரை முதலில் படித்தவருக்கு அந்தச் சந்தேகம் அவ்வளவு எளிதில் வராது. அவருக்கு ஆவி முன்பே நிஜம். இரண்டு நண்பர்கள் இதே நாவலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், எது மேல் படம், எது அடிக்கோடு என்பதிலேயே ஒத்துப்போக மாட்டார்கள். ஒருவர் தன் பிரதியை மூடிவிட்டு மற்றவரின் பிரதியை வாங்கி மறுபடி தொடங்கலாம். ஆனால் பக்கம் ஒன்றில் ஓவியர் பேசத் தொடங்கும்போதே ஜார்ஜ் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.